நண்பகலில் பொருந்திய பெட்டி

அங்கே வீடு கட்டுவதில்லை, அடுக்குகிறார்கள். இரும்புச் சட்டம், சுவர், சன்னல், கழுவுதொட்டி எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்து, பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு முழுப் பகுதியாக லாரியில் வந்து இறங்கும். வேலையாட்கள் அதைப் பெட்டி என்பார்கள். கிரேன் தூக்கிக் கீழ்ப்பெட்டியின் மேல் வைக்கும். நான்கு மூலையிலும் துளைக்கு நேராகத் துளை நின்றால் பின் என்ற இரும்பு முளையை இறக்கி போல்ட்டை முடுக்கலாம்.

பெட்டியை விடியற்காலையில்தான் ஏற்றுவது வழக்கம். வெயில் ஏறிவிட்டால் லாரியில் நிற்கும் இரும்பு காய்ந்து நீண்டுவிடும். தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் கீழ்ப்பெட்டி அந்த அளவுக்கு நீளாது. மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், பின் அடம்பிடிக்கும்.

அன்று லாரிக்கு வழியில் டயர் வெடித்தது. பெட்டி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் பெண்ணும் அதனுடன் வந்திருந்தாள். தொழிற்சாலையில் பெட்டிகளை அளந்து முத்திரை குத்துவது அவள் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். கிரேன் ஓட்டுபவர் அவள் அக்காவின் கணவர். மேலாளரிடம் நான்கு முறை நடந்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“மேஸ்திரி, உச்சி வெயில். இப்ப தூக்கினா பின் இறங்குமா?” என்று கிரேனிலிருந்து வாக்கி-டாக்கியில் கேட்டார்.

“இறங்கலன்னா நீயும் உன் கொழுந்தியாளும் அது மேல உக்காந்து சாயங்காலம் வரைக்கும் விசிறுங்க. தூக்குப்பா.”

பெட்டி ஏறியது. நான்காவது மாடியில் நின்ற மேஸ்திரிக்கும் சின்னவளுக்கும் முன்னால் மெல்ல அமர்ந்தது. நான்கு பின்னும் வெண்ணெயில் கத்தி போல இறங்கின.

மேஸ்திரி கையைத் தட்டினார். “பாத்தியா! மாமியார் வீட்டுக்கு வந்த மாப்ள மாதிரி எப்படி உக்காந்துடுச்சு! சின்னவ, உன் அளவுன்னா அளவுதான்.”

சின்னவள் சிரிக்கவில்லை. சட்டத்தைத் தொட்டாள், கை சுட்டது. இந்தச் சூட்டில் பெட்டி நான்கு மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். நீண்ட பிறகும் சரியாகப் பொருந்துகிறது என்றால் அதன் அசல் நீளம் நான்கு மில்லிமீட்டர் குறைவு.

வியாழக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. பெயின்ட் உலர்த்தும் சூட்டறையிலிருந்து வெளிவந்த பெட்டியை ஓர் இரவு ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். வெல்டிங் இரும்பைச் சுருக்கும், ஆறினால்தான் அது தெரியும். அன்று லாரிக்கான சீட்டு முன்பே அடித்தாகிவிட்டது. மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டம் கையைச் சுடும்போதே அவள் டேப்பைப் பிடித்தாள். பன்னிரண்டு மீட்டர், மயிரிழை பிசகில்லை. முத்திரை குத்தினாள்.

இப்போது முடுக்கிவிட்டால் ராத்திரிக் குளிரில் பெட்டி சுருங்கும், போல்ட்டுகள் இழுபடும், இணைப்பு வாய் பிளக்கும். என்றைக்கோ ஒரு மழையில் யார் வீட்டுச் சுவரிலோ தண்ணீர் இறங்கும். அதற்குள் அவள் நிரந்தரமாகியிருப்பாள்.

முதல் மூலையில் முடுக்கும் இயந்திரம் அலறத் தொடங்கியது.

“மேஸ்திரி” என்றாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். பிறகு முக்காலியில் கிடந்த வாக்கி-டாக்கியை எடுத்து அழுத்தினாள்.

“அத்தான், கொக்கிய கழட்டாதீங்க. பெட்டி குட்டை.”

“நல்லா பாத்துச் சொல்லு. ஊரே கேக்குது.”

“பாத்துட்டேன்.”

மேஸ்திரி திரும்பினார். “குட்டையா? அதான் பொருந்திடுச்சேம்மா!”

“இப்ப பொருந்தக்கூடாது மேஸ்திரி. வெயில்ல நீண்டிருக்கு.”

“சரியா வந்தாலும் குத்தம், வராட்டியும் குத்தம்” என்றார் போல்ட் முடுக்குபவர். “என் பொண்டாட்டியே தேவல.”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்குக் காது மடல் சிவந்தது. “தண்ணி ஊத்திப் பாருங்க” என்று மட்டும் சொன்னாள்.

மேஸ்திரி தண்ணீர்க் குழாயை மேலே இழுக்கச் சொன்னார். கிரேன் பாதிப் பாரத்தைத் தாங்கி நின்றது. போல்ட்டுகளைக் கழற்றி, பின்களை மட்டும் விட்டுவைத்து, இரண்டு நீளச் சட்டங்களிலும் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் ஆவி பறந்தது, பிறகு அடங்கியது. அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

கோடி மூலைப் பின்னை மேஸ்திரி இரண்டு விரலால் இழுத்தார். அசையவில்லை. ஐந்தாவது சுத்தியல் அடிக்கு வெளியே வந்தது. துளைக்குள் எட்டிப் பார்த்தார். மேல்துளையின் விளிம்பு பிறை போல உள்ளே தள்ளி நின்றது. ஸ்கேலை வைத்தார். நான்கு.

“யாரு அளந்தது?”

முத்திரையில் அவள் எண் இருந்தது, அவருக்கும் தெரியும்.

“நான்தான். ஆறுறதுக்கு முன்னாடி அளந்துட்டேன்.”

அவர் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டு, அவளிடம் நீட்டினார்.

“எத்தன மணிக்கு அளந்த?”

“ஆறே கால் சார்.”

“சூட்டறையிலேர்ந்து எப்ப வந்துச்சு?”

“அஞ்சே முக்கா.”

“முத்திரைய மேஸ்திரிகிட்ட குடுத்துட்டு வாம்மா. மத்தத நாளைக்குப் பேசலாம்.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஸ்திரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டி மறுபடி லாரியில் இறங்கியது. அத்தான் கிரேனிலிருந்து இறங்கி, மாடி ஏறி வந்து தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தார். “உங்கக்காகிட்ட நீயே சொல்லிடு” என்றார். “நான் சொன்னா என்னையத்தான் திட்டுவா.”

வாசலில் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. மேஸ்திரி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது எப்ப அளந்தது?”

“நேத்துக் காலைல. ராத்திரி முழுக்க ஆறவிட்டு அளந்தேன். இப்ப வச்சா பொருந்தாது.”

மேஸ்திரி கைப்பிடிச் சுவரோரம் போய்க் குனிந்து கத்தினார்.

“டிரைவரே, வண்டிய நிழல்ல போடு! காலைல ஏத்திக்கலாம்!”