பழைய மூன்று

டெல்ஃபினாவின் வயிற்றில் கை வைத்ததுமே குழந்தை குறுக்கே கிடப்பது மார்லெனாவுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலேயே பனிக்குடம் உடைந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தீவுக்கு அவள்தான் மருத்துவச்சி. இது தன் கையில் இல்லை என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய தீவிலிருந்து ஆஸ்பத்திரிப் படகு வரவேண்டும். இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் வெளிச்சத்தோடு பவளப்பாறை இடுக்கைத் தாண்டும்.

மேசைமேல் செயற்கைக்கோள் மோடம் இருந்தது. செய்தியைத் தட்டி அனுப்பினாள். போகவில்லை. மறுபடி அனுப்பினாள். போகவில்லை. திரையில் மட்டும் சிக்னல் மூன்று என்று நின்றது.

“அஞ்சுக்கு மூணு இருக்கே சிஸ்டர், அப்புறம் ஏன் போகல?” என்றான் டெல்ஃபினாவின் புருஷன் ஒக்தோ.

அதைத்தான் அவளும் யோசித்தாள். செயற்கைக்கோள்கள் வானத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று மலைக்குப் பின்னால் இறங்கினால் எண் விழும், இன்னொன்று மேலே வந்தால் ஏறும். இந்த மூன்றோ ஒரு மணி நேரமாக அசையவேயில்லை. இந்த மோடம் இரண்டு விதமாகப் பதில் சொல்லும். கடைசியாகப் பார்த்து வைத்த எண்ணை உடனே காட்டும். புதிதாகப் பார்க்கச் சொன்னால், வானத்தைத் தேடிவிட்டுச் சாவகாசமாகச் சொல்லும். புதிதாகப் பார்க்கச் சொன்னாள். அது தேடியது. பிறகு பூஜ்யம் என்றது.

“அது எப்பவோ பாத்த மூணு, ஒக்தோ. இப்ப ஒண்ணுமே இல்ல.”

கூரை ஆண்டெனாவின் ஒயரை இழுத்துப் பார்த்தாள். உப்புக்காற்று அரித்த நுனி கையோடு வந்தது. பெட்டியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாற்று ஆண்டெனா இருந்தது. அதன் ஒயர் ஒரு முழம்தான். மோடத்தையே திறந்த வெளிக்குத் தூக்கிப் போகவேண்டும்.

“ஒன் படகு பேட்டரியத் தூக்கு.”

“இவள விட்டுட்டா?”

“நீ இங்க நின்னா புள்ள திரும்பிடுமா?”

அக்காவின் மடியில் தலை வைத்திருந்த டெல்ஃபினா பல்லைக் கடித்தபடி சொன்னாள்: “போய்யா. நான் எங்கயும் ஓடிடமாட்டேன்.”

கடல் உள்வாங்கியிருந்த பாறைத்தரையில், மலையின் மறைப்பு விலகும்வரை நடந்தார்கள். மோடத்தின் விளக்கு எரிந்தது. அது செயற்கைக்கோளின் குரலைக் கேட்டுவிட்டது. இவர்கள் குரல் அங்கே போகுமா என்பது வேறு விஷயம். இரண்டு என்றது. அனுப்பினாள், போகவில்லை. விளக்கு அணைந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு.

“கடல் ஏறுது சிஸ்டர்.”

“ஏறட்டும். பேட்டரியத் தலையில வை.”

மறுபடி விளக்கு. புதிதாகப் பார்க்கச் சொன்னாள். நான்கு! அழுத்தினாள். செய்தி போய்விட்டது.

ஒக்தோ சத்தம் போட்டு அழுதான். அவள் அழவில்லை, பதிலுக்காக நின்றாள். ஒன்றே முக்காலுக்கு வந்தது: ‘கிளம்பிவிட்டோம். ரத்தம் ஏற்றிக்கொள்ளப் பக்கத்துத் தீவில் நிற்போம். எந்த வகை?’

படித்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. ‘பி பாசிட்டிவ்’ என்று தட்டி வைத்தாள். இடுப்பு வரை தண்ணீர். மோடத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஏந்திக்கொண்டாள். ஒயர் இழுபடாமலிருக்க ஒக்தோ பேட்டரியோடு அவளை ஒட்டி நின்று, ஒரு கையை எட்டி மறுபடி மறுபடி புதிதாகப் பார்க்கச் சொல்லி, அண்ணாந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தான்.

“பூஜ்யம்,” என்றான். “பூஜ்யம்... பூஜ்யம்... சிஸ்டர், ஒண்ணு.”