ஏலக்கூடத்தின் கண்ணாடிக் கூரை

பழைய கட்டடங்களை அளந்து பட்டியல் போடுவது அவள் வேலை. நெசவால் பேர்பெற்ற அந்த நகரத்தின் கிடங்குத் தெருவில் பதினேழு கட்டடங்களை முடித்துவிட்டாள். பதினெட்டாவதுதான் உயிரை வாங்கியது.

ஒரு காலத்தில் அது துணி ஏலக்கூடம், இப்போது ஜவுளிக்கடை. செங்கல் வளைவுகளில் பாதி விளம்பரப் பலகைக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. பழைய வரைபடத்தில் கூரை முழுக்கக் கண்ணாடி. துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஏலம் கேட்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். உள்ளே போய் நிமிர்ந்தால் வெள்ளை அட்டைக் கூரையும் குழல்விளக்குகளும்தான் தெரிந்தன.

“ஒரே ஒரு அட்டையைக் கழட்டிப் பாத்துட்டு மாட்டிடறோம் சார்” என்று நான்கு முறை கேட்டுவிட்டாள்.

நான்கு முறையும் கடைக்காரர், “நாளைக்கு வாங்கம்மா” என்றார்.

ஐந்தாம் முறை கணவனையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு போனாள். லீவு போட்டு வந்திருந்த கணவன், “நானும் உன் ஆபீஸ்ல ஒரு சம்பளம் கேட்டுப் பாக்கட்டுமா?” என்றான். அவள் சிரிக்கும் நிலையில் இல்லை.

ஏணியைப் பார்த்ததும் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். “பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது.”

கணவன் அட்டையை நகர்த்தினான். ஒரு கூடைத் தூசி அவன் தலையில் கொட்டியது. மேலே இரும்புச் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி. ஒழுகுகிறதென்று யாரோ தார் பூசியிருந்தார்கள். இரண்டே கண்ணாடிகள் தப்பியிருந்தன. அவற்றின் வழியே வெயில் கடை நடுவில் இறங்கியது. அவள் அவசரமாக நோட்டைத் திறந்தாள்.

“நீளம் நாப்பத்திரண்டடி, எழுதிக்கோ” என்றான், லேசர் அளவுக் கருவியைச் சுவரை நோக்கிப் பிடித்தபடி.

“அகலம்?”

“இரு, திரும்பிக்கறேன்.”

அதற்குள் கோட்டுத் துணி எடுக்க வந்திருந்த ஒரு பெரியவர், கையிலிருந்த சாம்பல் நிறத் துணியோடு அந்த வெயிலுக்கு நகர்ந்தார். துணியைப் புரட்டினார். முகம் மாறியது.

“என்னங்க இது? அங்க சாம்பலா இருந்துச்சு, இங்க பச்சையடிக்குது!”

“லைட்டு அப்படித் தெரியுது சார்.”

“லைட்டா? இது சூரியன்யா!”

துணியை மேசையில் போட்டுவிட்டு அவர் படியிறங்கினார். கடைக்காரரின் காது சிவந்தது.

“மூடுங்க! முதல்ல அதை மூடுங்க! என் வியாபாரத்துல மண்ணைப் போடவா வந்தீங்க?”

“சார், இந்தக் கூரையைக் கட்டினதே இதுக்குத்தான். நீங்களே கண்ணால பாத்தீங்களே. இன்னும் ஒரே ஒரு அளவுதான்...”

“ஏணியை எடுங்கம்மா!”

கணவன் அட்டையை மாட்டிவிட்டு இறங்கினான். தெருவுக்கு வந்ததும் அவள் ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு கோபமாக விறுவிறுவென்று நடந்தாள். ஏணியின் மறுமுனையைப் பிடித்திருந்த கணவன், “தலைக்குக் குளிச்சாத்தான் இந்தத் தூசி போகும் போல” என்றான்.

மறுநாள் படிவத்தில் நீளத்தை எழுதினாள், இரும்புச் சட்டங்களை நினைவிலிருந்து வரைந்தாள். அகலத்துக்கான கட்டத்தில் மனம் ஆறாமல், பேனா பதிய எழுதினாள்: “அளக்க விடவில்லை.”