நாலு படி சாமை

ஐந்தரைக்கு எழுந்தேன். சோறு வைத்தேன். மகள் சிவசங்கரிக்கு ரசம் தனிக் கிண்ணத்தில். சோற்றில் பட்டால் சாப்பிடமாட்டாள். தலை வாரிவிட்டேன். ஆறே முக்காலுக்குக் காவலூரில் பஸ் ஏறினோம்.

பள்ளிக்கு இல்லை. வேலூருக்கு, மனநல மருத்துவரைப் பார்க்க. எட்டு வயதாகியும் அவளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. மந்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மலைக்குக் கீழே ஏதாவது சிறப்பு விடுதியில் விட்டுவிடுங்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மனைவி சசிகலா இறந்து ஒன்பது மாதம். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஆசிரியர் ஆனந்தன் மலைக்குப் புதியவர். வகுப்பில் கணக்குக் கேட்டார்: நாலு படி சாமையை எட்டுப் பேர் தின்றால் ஆளுக்கு எவ்வளவு?

"குத்துனதா, குத்தாததா சார்?" என்றாள் இவள்.

"இன்னா, நக்கலா?"

அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பூஜ்யம்.

மருத்துவர் ரேணுகாதேவி கதவை மூடிக்கொண்டு அவளோடு மூன்று மணிநேரம் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். சிவசங்கரி மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சாமைக் கணக்க நானும் கேட்டேங்க. குத்துனதுன்னா அரைப்படி, குத்தாததுன்னா உமி போய் கால்படிதான் தேறும்னு சொல்றா. எந்தச் சாமைன்னு அந்த சார் இன்னும் சொல்லலியாமே?" என்று சிரித்தார்.

"அப்போ மந்தம் இல்லீங்களா மேடம்?"

"மந்தமா? பத்தாங்கிளாஸ் கணக்க மனசுலயே போடுது. ஆட்டிசமும் இருக்குது. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கும். எழுதத்தான் கை வரல. பரீட்சைய வாயால கேக்கச் சொல்லி லெட்டர் தர்றேன். அதே ஸ்கூலு, உங்க வூட்லயே இருக்கட்டும்."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"முழுசா குடிச்சிடாத, எனக்கும் வையி," என்று மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"குடும்பத்துல வேற யாராச்சும் இப்படி இருந்தாங்களா?" என்றார் மருத்துவர்.

சசிகலா எம்.எஸ்சி. கணிதத்தில் கல்லூரி முதலிடம். கல்யாண வீட்டில் மேளம் கொட்டினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். திமிர் என்றார்கள் என் சொந்தக்காரர்கள். நானும் ஒருமுறை சொன்னேன்.

சாகும்முன் சசிகலா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றிருக்கிறேன். பொய். மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னேன். காய்ச்சல் முற்றி ஆம்புலன்ஸில் மலை இறங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு சைரனை நிறுத்தச் சொல்லி அழுதாள். ஜுரத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஓட்டுநரிடம் கெஞ்சினேன். நிறுத்தினார். காதிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்போ பரவால்லீங்க," என்றாள்.