பதினாறு கட்டங்களில் எட்டு

இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலவே கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுப்பது ஒரே வீட்டு மருமகள்கள் இருவரின் தொழில். பெரியவள் வரைவாள், சின்னவள் வெளிச்சமும் நிழலும் சேர்த்துப் படமாக்குவாள். அதற்கென்றே, கணக்குப் போடும் மூளையான பிராசஸர் இரண்டு உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். வாங்கிய புதிதில் நாலு மணி நேரத்தில் முடிந்த படம், சில மாதங்களாக எட்டு மணி நேரம் இழுத்தது.

அன்று ஐந்து மணிக்குப் படம் கொடுத்தாக வேண்டும். மதியம் பன்னிரண்டாகியும் பாதிகூட ஆகவில்லை. சின்னவள் கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஒரு பிராசஸர் செத்துப்போச்சு. கெட்டுப்போனதை எங்க தலையில கட்டிட்டீங்க!"

"திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்கம்மா. எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர்ல எத்தனை கட்டம் தெரியுது?"

எண்ணினாள். "பதினாறு."

"ஒரு பிராசஸருக்கு எட்டு கட்டம். ரெண்டும் உயிரோடதான் இருக்கு. வேலை நடந்தா கோடு ஏறும். எல்லாத்துலயும் ஏறியிருக்கா?"

முதல் எட்டில் கோடு உச்சியைத் தொட்டது. மற்ற எட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது.

"அப்போ உங்க சாஃப்ட்வேர்ல ஒரு பிராசஸர் போதும்னு யாரோ வச்சிருக்காங்க. செட்டிங்ஸ் பாருங்க."

அப்படித்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பெரியவள் முகம் சுண்டிப்போய் நின்றாள்.

"நான்தான் மாத்தினேன்."

"ஏன்க்கா?"

"அத்தைக்கு ஆபரேஷன் ஆகி வந்த வாரம். ரெண்டும் ஓடினா ஃபேன் சத்தம் சுவரைத் தாண்டிப் போகுது. பாவம், கண்ணை மூட முடியாம புரண்டுகிட்டே இருந்தாங்க. உன்கிட்ட சொன்னா வேலை கெடுதுன்னு குதிப்பே. அப்புறம் சுத்தமா மறந்துட்டேன்."

வாய்வரை வந்த கோபம் அங்கேயே நின்றது. அதே சுவருக்கு இந்தப் பக்கம் தானும்தானே உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தாள் சின்னவள். அத்தை தூங்கினாரா என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. சொன்னால் குதிப்பாள் என்று பெரியவள் நினைத்ததும் பொய்யில்லை.

இரண்டையும் ஓடவிட்டுப் படத்தை முதலிலிருந்து போட்டாள். ஃபேன் இரைந்தது. அடுத்த அறையில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் தொந்தரவா இருக்கா அத்தை?"

"தொந்தரவா? அது அடங்கின மூணு மாசமா, உங்களுக்கு வேலையே வரலையாக்கும்னு நான் தூங்காம கெடந்தேன். கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு கேக்கல."

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து, குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாலரைக்குப் படம் முடிந்ததைப் பெரியவள் வந்து சொன்னபோதும் அவர்கள் பேசி முடித்திருக்கவில்லை.