நாலு எஞ்சினும் ஒரே நேரத்தில்

அரச அதிபரின் கச்சேரி, பொலிஸ், கடற்படை என்று ஐந்து மாதம் அலைந்து சிங்கராசா வாங்கிய அனுமதி ஒரு மணித்தியாலத்துக்குத்தான். தலைமன்னார்க் கரையில், காலை எட்டிலிருந்து ஒன்பது வரை. அவனது சிறிய ராக்கெட் நேராகப் போனால் மாதம் ஒரு தடவை விடலாம். சரிந்து கடற்படை முகாம் பக்கம் போனால் இனி இந்தக் கரையில் பட்டம் விடவும் கேட்க முடியாது.

ஐஸ் கொம்பனியில் இரவு வேலை முடித்து, கண் எரிய நேரே வந்திருந்தான். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவன். அனுமதி கேட்ட கடிதங்களில் அதை எழுதவில்லை. ராக்கெட்டைக் கட்டியது அவன். நாலு எஞ்சின்களும் கொழும்பிலுள்ள ஒரு ராக்கெட் கழகம் கொடுத்தவை. வயர் வேலையை மட்டும் அக்காவின் புருசன் கொன்ஸ்ரன்ரைன் பார்த்தார். கோயில் திருநாளுக்கு வருசாவருசம் லைற் சோடனை கட்டுகிறவர்.

"சோதிச்சுப் பாத்தனீங்களோ, அத்தான்?"

"ஓம், கரண்ட் ஓடுது. திருநாளுக்கு மூவாயிரம் பல்ப் எரிய விட்டனான். இதென்ன, நாலு."

கடற்படை அதிகாரி பிளாஸ்ரிக் கதிரையில் கால் மேல் கால் போட்டு இருந்தார். சிங்கராசா சுவிச்சை அழுத்தினான்.

ஒரு எஞ்சின் மட்டும் சீறியது. தூக்க வலு இல்லாமல் ராக்கெட் நின்ற இடத்திலேயே நடுங்கியது. புகை அடங்கியதும், எஞ்சினின் கடைசி வெடியில் டப்பென்று மூக்குக் கழன்று, பரசூட் மணலில் விழுந்தது.

"போக முந்தி இறங்கினது," என்றார் அதிகாரி, தனக்குத் தெரிந்த தமிழில்.

சிங்கராசா ஓடிப்போய்க் குனிந்தான். ஒவ்வொரு எஞ்சினின் வாயிலும் ஒரு மெல்லிய இழை; மின்சாரம் பாய்ந்தால் சிவந்து மருந்தைப் பற்றவைக்கும். நாலு இழைகளையும் அத்தான் ஒன்றின் நுனியை மற்றதில் முடிந்து ஒரே கோவையாகக் கட்டியிருந்தார்.

"திருநாள் சரம் மாதிரிக் கட்டியிருக்கிறீங்கள்."

"வேற எப்பிடிக் கட்டுறது?"

"சரத்தில ஒரு பல்ப் போனா?"

கொன்ஸ்ரன்ரைன் தலையைச் சொறிந்தார். "எல்லாம் நூரும். ஒண்டும் எரியாது."

"முதல் இழை அறுந்திட்டுது. மிச்சத்துக்குக் கரண்ட் போகேல்லை."

சண்டை பிடிக்க நேரமில்லை. இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

"அப்ப மிச்சம் மூண்டையும் பத்த வைப்பம்," என்றார் அத்தான்.

"மூண்டெண்டா ஒரு பக்கம் தள்ளும். நேரே முகாமுக்குத்தான் போகும். எதிரெதிர் ரெண்டு போதும்."

இரண்டு தூக்குமா என்று அவனுக்கே தெரியாது. பாரம் குறைய, எரிந்ததையும் அதற்கு எதிரே இருந்ததையும் கழற்றினான். பரசூட்டை மடித்து வைத்து மூக்கை மூடினான். பரசூட்டைத் தள்ளும் வாயு பின்பக்கத்தால் போய்விடாமல் ஓட்டைகளைத் துணியும் ஒட்டு ரேப்பும் வைத்து அடைத்தான். இரண்டு இழைகளும் பற்றரியிலிருந்து தனித்தனியாகக் கரண்ட் வாங்கும்படி முறுக்கினான். கூடுதல் கரண்டுக்காக அத்தான் தான் வந்த ஓட்டோவின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து, கிளிப்பில் பூத்திருந்த உப்பைக் கத்தியால் சுரண்டினார்.

ஒன்பதுக்கு நாலு நிமிடம் இருக்க அழுத்தினான்.

இரண்டும் ஒன்றாகச் சீறின. ராக்கெட் சோம்பலாக எழும்பி, மூன்று பனை உயரத்துக்கு நேராகப் போய், பாதி விரிந்த பரசூட்டோடு அலையோரம் விழுந்தது.

அதிகாரி எழும்பி வந்தார். "நேர் போனது. மாதம் ஒண்டு சரி." தாளில் எழுதி நீட்டினார். இரண்டு எஞ்சின் மட்டும் என்றிருந்தது.

"சேர், நாலெண்டு போடுங்கோ. இது நாலுக்குக் கட்டினது."

"இண்டைக்கு நேர் போனது ரெண்டுதானே."

சிங்கராசா தாளை இரண்டு தரம் வாசித்தான். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தான்.

"ரெண்டெண்டாலும் மாதாமாதம் விடலாந்தானே," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ, அத்தான்."