பதினோரு பக்க அணிந்துரை

மெய்ப்புத் திருத்தும்போது மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் பக்க எண் குறிப்பது ஹம்சவேணிக்கு முனைவர் பட்ட ஆய்வு தந்த பழக்கம். செல்லக்கிளியின் சிறுவர் கவிதை நூலுக்கு அவள் எழுதிய அணிந்துரை பதினோரு பக்கங்களாக வடிவமைக்கப்பட்டு, முழுநூலின் மெய்ப்போடு சேர்ந்து திங்கட்கிழமை காலை அவளுடைய கைப்பேசிக்கு வந்திருந்தது. அச்சில் வரப்போகும் அவளுடைய முதல் கட்டுரை அது. அதில் நான்கு பக்கங்கள் ‘வரிசை’ என்ற ஒரே கவிதையைப் பற்றியவை. அக்கவிதையின் பக்க எண்ணைத் தேடினாள். பொருளடக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பார்த்தாள். நூலில் அந்தக் கவிதை எங்குமே இல்லை.

பதிப்பாளர் ராஜகுருவின் அச்சகம் மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அவருக்கும் அவளுக்கும் வீட்டு மொழி சௌராஷ்டிரம். ஆனால் தொழில் பேச்சென்றால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார். அன்று அவளைக் கண்டதுமே தமிழில்தான் தொடங்கினார்.

“வா வேணி. தப்பு ரொம்ப இருக்கோ?”

“அண்ணே, ‘வரிசை’ விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல. எடுத்தாச்சு.”

“எடுத்தாச்சா? நான் நாலு பக்கம் அதைப் பத்தித்தானே எழுதியிருக்கேன்?”

“அதனாலதான் எடுத்தாச்சு.” ராஜகுரு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “புத்தகம் நாலு ஃபாரம். ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், ஆக அறுபத்து நாலு. தாளும் வந்தாச்சு, அட்டையும் விலையோட அடிச்சாச்சு. தலைப்பு, பொருளடக்கம், ரெண்டு வாழ்த்துரை, பதிப்புரை, என்னுரை எல்லாம் பன்னெண்டு பக்கம். உன்னுது பதினொண்ணு. மிச்சம் நாப்பத்தொண்ணு. கவிதை, பக்கத்துக்கு ஒண்ணா, நாப்பத்தெட்டு. நீயே கழிச்சுக்க.”

“ஏழு கவிதையா போச்சு?”

“நான் தொடல. அந்தம்மாவே பென்சில்ல கோடு போட்டுக் கொடுத்தாங்க. தனக்கு மனப்பாடமா இருக்கிறதா பார்த்துப் போட்டாங்களா, ‘வரிசை’யும் அதுல போச்சு.”

“என்னோடதைக் குறைச்சிருக்கலாமே, அண்ணே.”

“கேட்டேனே! அதுல ஒரு வரி போனாலும் புத்தகமே வேணாம்னுட்டாங்க. நானும் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். ‘ஒழுங்கின் இடப்பெயர்ச்சி’ன்னு எழுதியிருக்கியே, அது என்ன, குருப்பெயர்ச்சி மாதிரியா? பரிகாரம் உண்டா?”

ஹம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கவிதையின் சிறப்பை விளக்க எழுந்த உரையே அக்கவிதையை நூலிலிருந்து வெளியேற்றியிருந்தது. வியாழக்கிழமை காலை அச்சு ஏறுகிறது என்று ராஜகுரு நினைவூட்டினார். அவள் நேராக ஆனையூரில் இருந்த செல்லக்கிளியின் வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

செல்லக்கிளி பகலில் ஆயத்த ஆடை தைக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். மாலையில் தன் தெருப் பிள்ளைகள் பதின்மரை வீட்டின் முன்னறையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பாடம் முடிந்தபின் கேட்பதற்கு ஏதேனும் வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் எழுதத் தொடங்கியவையே அந்த நாற்பத்தெட்டுக் கவிதைகளும். ஹம்சவேணி போய்ச் சேர்ந்தபோது வாய்பாடு நடந்துகொண்டிருந்தது.

“வாங்க மேடம். போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல?”

“அக்கா, ‘வரிசை’ய ஏன் எடுத்தீங்க?”

செல்லக்கிளி பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் வந்தாள். “எடம் இல்லைன்னாரு. அது எங்க போகப்போகுது? நோட்டுல இருக்கு. ஆனா நீங்க எழுதுனது போனா திரும்ப வருமா? என்னையப் பத்தி இம்புட்டு எழுதுன ஆளு யாரு? எங்க வீட்டுக்காரர் குடத்தைப் பத்தியெல்லாம் பாட்டான்னு கேலி பண்ணுவாரு. உங்க பதினொரு பக்கத்தைக் காட்டுனேன். அன்னையிலேர்ந்து வாயே திறக்கல.”

“அவர் படிச்சாரா?”

“எங்க படிச்சாரு? எம்புட்டுப் பக்கம்னு எண்ணுனாரு.”

இப்போது ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அவள் எதற்காக வந்தாளோ அது இன்னும் கடினமாகியிருந்தது. தன் கட்டுரையை விலக்கிக்கொள்வது பெருந்தன்மை என்றே வழியெல்லாம் எண்ணி வந்தாள். செல்லக்கிளிக்கோ அது கிடைத்த மதிப்பைத் திரும்பப் பிடுங்குவதாக இருக்கும்.

“அந்தக் கவிதைய ஒரு தடவை பிள்ளைகளுக்குச் சொல்லுங்கக்கா. நான் இதுவரை கேட்டதில்லை. தாள்லதான் படிச்சிருக்கேன்.”

செல்லக்கிளி நோட்டைத் தேடாமலே சொன்னாள்.

தண்ணீர் லாரி வரவில்லை,
வரிசை மட்டும் வந்தாச்சு;
பச்சைக் குடத்தின் பின்னாலே
மஞ்சள் குடமும் நின்னாச்சு.

அம்மாமார்கள் வீட்டுக்குள்ளே,
சண்டை இல்லை, சத்தம் இல்லை;
குடங்கள் நிற்கும் தெருவினிலே
முந்திப் போக ஆசை இல்லை.

லாரி வந்தால் அவ்வளவுதான்,
அதுவரைக்கும் அமைதிதான்!

கடைசி இரண்டு வரிகளைப் பிள்ளைகள் எல்லோருமாகக் கத்தினார்கள். அடுத்த கணமே சண்டை மூண்டது.

“மஞ்சக் குடம் எங்க வீட்டுது!” என்றாள் மூன்றாம் வகுப்பு முனீஸ்வரி.

“போடி, உங்களுது ஆரஞ்சு!”

“வெயில்ல வெளுத்து மஞ்சளாயிருச்சு. அடியில கீறல் விழுந்து எங்கம்மா எம்சீல் வச்சு அடைச்சிருக்கு. டீச்சர், அதை நீங்க பாட்டுல எழுதவே இல்ல!”

“எழுதல, தாயி. கவனிக்கல,” என்றாள் செல்லக்கிளி, குற்றம் ஒப்புக்கொள்பவளைப் போல.

ஹம்சவேணி சுவரில் சாய்ந்து நின்றாள். நான்கு பக்கங்களில் அவள் அந்தக் குடங்களைக் குறியீடுகளாக்கியிருந்தாள். அவை எவர் வீட்டுக் குடங்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. கவிதை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்ட அந்தச் சிறுமியின் கைக்கு இந்த நூல் வரும்போது, ‘வரிசை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வரிசை’யைப் பற்றிய விளக்கம் இருக்கும்.

“அக்கா, என் கட்டுரை எங்கேயும் போகாது. அதை ஆய்விதழுக்கு அனுப்புறேன். போடுவாங்களான்னு தெரியாது, போட்டாலும் ஒரு வருஷம் ஆகும். ஆனா அது பெரியவங்க படிக்கிறது. இந்தப் புத்தகம் இவங்க படிக்கிறது.”

“அப்ப உங்க பேரு இதுல வராதா?”

“ஒரு பக்கம் எழுதுறேன்.”

செல்லக்கிளி முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே முனீஸ்வரி இன்னும் ஆரஞ்சு நிறத்தை மறுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு பக்கம்னாலும் இவ படிக்கணும். இவளுக்குப் புரியலைன்னா ஏழு பாட்டும் வெளியிலயே கிடக்கட்டும், உங்க பதினொண்ணு உள்ள இருக்கட்டும். சம்மதமா?”

“சம்மதம்.”

செவ்வாய்க்கிழமை மாலை ஹம்சவேணி கொண்டுவந்த பக்கத்தை முனீஸ்வரி உரக்கப் படித்தாள். இரண்டாவது வரியில் ‘அழகியல்’ என்ற சொல்லில் நின்றாள்.

“இது யாரு, அக்கா?”

ஹம்சவேணி அடித்தாள். ஐந்தாவது வரியில் ‘வாசிப்பனுபவம்’ போனது. எட்டாவது வரி தொடங்கும் முன்பே முனீஸ்வரி கொட்டாவி விட்டாள். அந்த வரிகளும் போயின. வீடு திரும்பி மறுபடி எழுதினாள். எட்டு ஆண்டுகள் படித்துச் சேர்த்த சொற்கள் கைக்குத் தானாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே, தான் உண்மையில் சொல்ல விரும்பியது எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. அதில் அவளுக்குச் சற்று வெட்கமும் சற்று நிம்மதியும் இருந்தன.

புதன்கிழமை மாலை முனீஸ்வரி தடங்கலின்றிப் படித்தாள்: “இந்தப் புத்தகத்தில் ஒரு குடம் வரும். அது யார் வீட்டுக் குடம் என்று எழுதியிருக்காது. நீங்களே தெருவில் போய்ப் பாருங்கள். பார்த்ததில் எதையாவது கவிதை விட்டிருந்தால், எழுதியவரிடம் சண்டை போடுங்கள். அவர் கோபப்பட மாட்டார்.”

அதற்குமேல் அவள் படிக்கவில்லை. தாளைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மற்றப் பிள்ளைகளும் ஓடினார்கள். செல்லக்கிளி தாளை எடுத்து மீதியைத் தானே படித்து முடித்தாள்.

“எங்க வீட்டுக்காரர் இதை எண்ண முடியாது,” என்றாள். “படிச்சுத்தான் ஆகணும்.”

ஹம்சவேணி அங்கிருந்தே கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்து ராஜகுருவை அழைத்து விவரம் சொன்னாள்.

“பதினொண்ணு ஒண்ணாச்சா? பலே!” அவர் குரலில் மகிழ்ச்சியும் எரிச்சலும் கலந்திருந்தன. “ஏழு கவிதையும் உள்ள வந்தாலும் மூணு பக்கம் மிச்சம் விழுமே. வெள்ளையா விட முடியாது. என்ன போடச் சொல்ற? வாழ்த்துரை கேட்டா இப்பவே நாலு பேர் தயார்.”

பதில் சொல்வதற்குள் செல்லக்கிளி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

“மூணு பக்கமா, அண்ணே? யாருக்கும் கொடுத்துறாதீங்க. எம்புட்டு நேரம் இருக்கு?”

“காலையில எட்டு மணிக்கு மிஷின் ஓடும், தாயி.”

“ஏழரைக்கெல்லாம் மூணு பாட்டோட வந்துருவேன்,” என்று சொல்லிவிட்டு அவள் பென்சிலைத் தேடினாள்.