கழுவிய கலயம்

புருஷன் சேனாபதியின் சாம்பலைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். நாகலக்ஷ்மிக்கு மனசு ஒப்பவில்லை. அஸ்திக்கு மண்கலயம் வேண்டாமா? அமெரிக்காவில், இந்த சன்னிவேலில் அதற்கு எங்கே போவது? வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் போர்டைக் கண்டால் காரை நிறுத்தாமல் போகாத மனுஷன் அவர். அப்படி வாங்கி வந்த மண்ஜாடி ஒன்று அலமாரியில் கிடந்தது. ஜாடி முழுக்க ஒரு கிழவரின் முகம்; காதில் வளையம், இறுகிய வாய்.

உள்ளே அடியில் மண் அப்பியிருந்தது. மஞ்சள் தண்ணீர் விட்டு சிங்க்கில் பளிச்சென்று கழுவினாள். வடிகட்டியில் சிக்கிய சின்னக் கல்லை சிங்க் பக்கத்திலிருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் எறிந்தாள். சாம்பலை நிரப்பி, முகத்தைக் கிழக்கே பார்க்க வைத்து, விளக்கேற்றினாள்.

மறுநாள் காலை முகம் சமையலறை சிங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் மட்டும் இருக்கிற வீட்டில் யாரைச் சந்தேகப்படுவது? சனிக்கிழமை கடலில் கரைக்க வேண்டும். கிழவர் தன் புருஷனை நிம்மதியாகப் போகவிட மாட்டாரோ என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை துக்கம் விசாரிக்க வந்த பக்கத்துத் தெரு ரோஷினிக்கு மியூசியத்தில் வேலை. ஜாடியைப் பார்த்தவள் உட்காரக்கூட இல்லை.

"ஆன்ட்டி, இது பெரு நாட்டுது. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். செத்தவங்களைப் புதைக்கும்போது கூட வைப்பாங்க. யாரோ தோண்டி எடுத்து வித்திருக்காங்க. உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"மண்ணுதாம்மா இருந்துச்சு. வாஷ் பண்ணிட்டேன்."

சொல்லும்போதே அவளுக்கு அந்தச் சின்னக் கல் நினைவுக்கு வந்தது. ரோஷினி போனதும் கறிவேப்பிலைத் தொட்டியை விரலால் கிளறினாள். கிடைத்தது. கல் இல்லை, அரிசியை விடக் கொஞ்சம் பெரிய, ஒரு குழந்தையின் பால் பல்.

தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு குழந்தைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கடைசிவரை கிடைக்காமலே போன மனுஷன் சேனாபதி.

பல்லைச் சாம்பலுக்குள் வைத்தாள்.

"ஏங்க, குழந்தை தனியா வருது. கையைப் பிடிச்சுக்கோங்க."

மறுநாள் ஹாஃப் மூன் பே கடலில் இரண்டு பேரையும் சேர்த்தே கரைத்தாள். எள்ளும் தண்ணீரும் இரண்டு தடவை விட்டாள். பொம்பளை செய்யலாமா என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

வெறும் ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பழையபடி கிழக்கே பார்க்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்தபோது கிழவர் சிங்க்கைப் பார்க்கவில்லை. மேற்கே, கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகலக்ஷ்மி அவரைத் திருப்பவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளும் அந்தப் பக்கமே பார்த்து உட்கார்ந்தாள்.